கோப்பையைத் திருப்பிப் பாருங்கள்!

"ஏனுங்க, ஒரு டீ குடிக்கறதுக்கு இத்தனை ஆராய்ச்சி வேணுமாக்கும்?"

திருப்பூர்க்காரர்கள் இப்படிக் கேட்டால் நியாயம்தான்! ஆனால் ஒரு பனியன் வாங்கும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள்? உள்பக்கத்தைத் திருப்பி, தையல் நேராக ஓடியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதானே விலையே பேசுகிறார்கள்! கையால் செய்த பீங்கான் கோப்பையையும் அதே கண்ணோடு பாருங்களேன். அழகும் புரியும், ஆரோக்கியமும் புரியும்.

நொய்யல் கரையிலே...

இந்த ரசனை நமக்குப் புதிதல்ல. திருப்பூரைத் தாண்டி ஓடும் நொய்யலின் கரையில், ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது கொடுமணல். அங்கே அகழாய்வில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பலவற்றில் தமிழ் பிராமி எழுத்தில் ஆட்களின் பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். 'இது என்னோடது' என்ற பாசம் 2000 வருஷங்களுக்கு முன்பே இருந்திருக்கிறது!

நம் காலத்தில், 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார்கள். அங்கே பழகியவர்கள் பலர் தனிப்பட்டறை வைத்தார்கள். 1200 டிகிரிக்கு மேல் சுட்ட கெட்டியான 'ஸ்டோன்வேர்' கோப்பைகளுக்கு அந்தப் பக்கம் பெயர் பெற்றது அப்படித்தான்.

உருவம் பேசும்

முதலில் கையில் எடுங்கள். சக்கரத்தில் சுற்றும்போது பதிந்த விரல் தடம் மெல்லிய வரியாகத் தெரியும். அது குறையல்ல, கைவேலையின் அடையாளம். விளிம்பு உதட்டில் உறுத்தக்கூடாது. கைப்பிடிக்குள் விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். மூட்டுவலியால் விரல் மடங்காத பாட்டிக்கு இந்த ஒரு விஷயமே பெரிய உபகாரம்!

கைப்பிடியே இல்லாத கோப்பையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கை தாங்காத சூட்டை வாயும் தாங்க வேண்டாமே! 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016-ல் எச்சரித்தது.

பூ வேலையில் கவனம்

இனி அலங்காரம். பூவின் மீது விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் இருந்தால் நல்லது. மேடாகத் தட்டுப்பட்டால் பூச்சுக்கு மேலே வரைந்தது. தேய்க்கத் தேய்க்க உதிரலாம்.

சில பூச்சுகளிலும் வண்ணங்களிலும் ஈயம், காட்மியம் சேர்வதுண்டு. சரியாகச் சுடாவிட்டால் லெமன் டீ, மோர் போன்ற புளிப்பில் அவை கரைந்து வரும். ஈயத்தில் 'இந்த அளவு பரவாயில்லை' என்று எதுவுமே கிடையாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்!

வாங்கும்போது...

* "ஈயம் இல்லாத பூச்சுதானே?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் அது ஷோகேஸுக்கு மட்டும்.
* உள்பக்கமும் விளிம்பும் சித்திரம் இல்லாமல் இருப்பது உத்தமம்.
* கவிழ்த்து அடி வளையத்தைப் பாருங்கள். சொரசொரவென்றிருந்தால் மேஜையைக் கீறும்.
* மயிரிழை விரிசல், விளிம்பு உடைசல் இருந்தால் தினசரி டீக்கு வேண்டாம்.
* தங்கக் கோடு போட்டதை மைக்ரோவேவில் வைக்காதீர்கள்.

கம்பெனியில் நின்றபடியே காகிதக் கப்பில் மடக் மடக்கென்று குடிக்கிற டீ ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டிலாவது ஆளுக்கொரு கோப்பை, பத்து நிமிஷம் உட்கார்ந்து குடிக்கலாமே! முதல் கோப்பை பாட்டிக்கு... கைப்பிடி பெரிசா பார்த்து!