பனந்தீராந்தியின் வலிமை

ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனைமரம் கப்பலேறி வெளியூர் சென்றது. 1850இல் வில்லியம் பெர்குசன் பனைக்கெனத் தனிநூலே வெளியிட்டார். அம்மரத்தின் தீராந்திகள் (உத்தரங்கள்) தீபகற்பத்துப் பழைய மெத்தை வீடுகளின் மேற்றளத்தையும் பரணையும் இன்றும் தாங்குகின்றன. அவற்றைச் செப்பனிட வருவோர் பலர் தேக்குக்கும் வேம்புக்கும் உரிய அளவுகோலால் பனையை அளந்து, நல்ல மரத்தைக் கழித்துவிடுகின்றனர்.

வேம்பும் பாலையும் பருக்கப் பருக்க நடுவே வைரம் பாயும். பனையோ ஒருவித்திலைத் தாவரம். தண்டைப் பருக்கச் செய்யும் வளர்படை அதற்கில்லை. சாறு கடத்தும் கற்றைகள் புறத்தே நெருங்கியும் அகத்தே சிதறியும் அமைந்துள்ளன. மரம் முதிர முதிரப் புறக்கற்றைகளின் நார்கள் தடித்துக் கறுத்து இறுகும். நடுப்பகுதி மென்சோறாகவே இருக்கும். ஆகவே பனைக்கு வைரம் வெளியே.

கணக்கும் இதையே சொல்கிறது. உருண்டைத் தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. முழுத்தண்டும் ஒரே தன்மையது என்று கொண்டாலும், நடுவில் பாதி விட்டம் அளவுக்குக் குடைந்துபோனால் இழப்பு பதினாறில் ஒரு பங்கே. புறத்தே தேய்ந்து விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பனையில் புறமே வன்மை மிக்கதாதலால் வேறுபாடு இன்னும் பெரிது. சுத்தியலால் தட்டும்போது பொள்ளென ஒலிப்பதை மட்டும் கொண்டு பனந்தீராந்தியைக் கழித்தல் தகாது. அழகுக்காக அதன் கரும்புறத்தை இழைத்துத் தள்ளுதல் அதனினும் பெருந்தீங்கு.

கேட்டைத் தேடவேண்டிய இடம் தீராந்தியின் சுவருக்குள் புதைந்த முனை. சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட சுவர் மாரியில் நனைந்து கோடையில் உலரும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பற்றும். முனையின் கரும்புறத்தில் கூரூசியை ஊன்றிப் பாருங்கள். எளிதில் இறங்கினால் அம்முனை கெட்டது. கறையானின் மண்தடம் தெரிந்தால் அதன் புற்றைக் கண்டறிந்து அழித்த பின்னரே மரவேலை தொடங்கவேண்டும்.

நெடுங்காலத் தொய்வு எல்லாம் ஆபத்தன்று. வளர்ந்துகொண்டே போகும் தொய்வே அஞ்சத்தக்கது. நூல் கட்டி, மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து குறித்து வையுங்கள். நடமாட்டப் பாரத்தால் ஏற்படும் வளைவு நீளத்தில் 360இல் ஒரு பங்கை மீறலாகாது என்பது பொறியியலார் வழக்கு. 12 அடித் தீராந்திக்கு அது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்.

மாற்றவே வேண்டுமெனில், கீழே முட்டுக்கொடுத்து, ஒருமுறைக்கு ஒன்றாகவே மாற்றவேண்டும். முனை மட்டும் கெட்டிருந்தால் அதை அறுத்து நீக்கி, முதிர்ந்த பனந்துண்டை நல்ல பகுதியோடு நெடிது ஒட்டவைத்து, முன்னரே துளையிட்டு மரையாணியால் இறுக்கலாம். சுவர்க்குழியில் முனையைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விடுங்கள், சீமெந்தால் அடைக்காதீர்கள்.

முதிர்ந்த பனை இன்று அரிது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் எண்ணற்றவை வீழ்ந்தன. நிற்பனவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும். எனவே பழைய வீட்டை இடிப்போர் அதன் தீராந்திகளை விறகாக்காமல், செப்பனிடும் அயலவருக்குக் கொடுக்கவேண்டும்.