உலர்சுவர் வேலையும் தன்னியக்கமும்: புல்மோட்டையை முன்னிறுத்திச் சில கருத்துகள்

மனித உழைப்பை இயந்திரம் எவ்வளவு தூரம் அகற்றும் என்னும் பழைய வினா அண்மைக்காலத்தில் நிகழ்தகவுக் கணக்காக உருமாறியுள்ளது. 2013ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஃபிறே, ஒஸ்போண் ஆகிய இருவரும் ஐக்கிய அமெரிக்காவின் 702 தொழில்களை எடுத்து, ஒவ்வொன்றும் கணினிமயமாகும் வாய்ப்பை மதிப்பிட்டனர். அந்நாட்டு வேலைவாய்ப்பில் 47 சதவீதம் பேராபத்துக்குட்பட்டது என்பது அவர்கள் கண்ட முடிபு. அந்தப் பேராபத்து வரிசையில் நிற்கும் தொழில்களுள் ஒன்று, ஜிப்சம் பலகைகளைப் பொருத்திச் சுவரும் உட்கூரையும் அமைக்கும் உலர்சுவர் வேலை.

அமெரிக்காவின் ஒரு கட்டடத் தொழிலைப் பற்றித் தமிழ்ச் சங்க ஆய்விதழில் பேசுவதேன் என்று வாசகர் வினவலாம். திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்பை அடுத்துள்ள புல்மோட்டையிலிருந்து நோக்கினால் இத்தொழில் அத்துணைத் தொலைவில் இல்லை. அவ்வூர்க் கடற்கரை மணலில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் ஆகிய கனியங்கள் செறிந்துள்ளன. ஆண்டுதோறும் வடகீழ்ப் பருவக்காற்றின் அலைகள் அம்மணலைக் கரையில் புதிதாகச் சேர்க்கின்றன. 1957இல் நிறுவப்பட்ட கனிய மணல் கூட்டுத்தாபனமும், 1992 முதல் அதன் வாரிசாக விளங்கும் அரச கம்பனியும் இம்மணலைப் பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்து வந்துள்ளன. காந்தத்தால் இழுபடும் இல்மனைற்று ஒருபுறம். இழுபடாது மின்னைக் கடத்தும் உரூற்றைல் இன்னொருபுறம். மின்னையுங் கடத்தாத சேர்க்கன் வேறொருபுறம். இவ்வாறு பிரிந்து கப்பலேறும் இல்மனைற்று பிறநாட்டு ஆலைகளில் தைத்தானியம் ஈரொட்சைட்டாகிறது. உலகெங்கும் வெள்ளைப் பெயின்றுக்கு வெண்மை தருவது இப்பொருளே. பலகைச் சுவரை மூடும் பெயின்றும் அதுவே. கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களின் இளைஞர்களோ வளைகுடா நாடுகளுக்குச் சென்று கட்டடங்களில் வேலை செய்கின்றனர். 'ஜிப்சம் போட்' வேலையும் அவற்றுள் ஒன்று. மண் ஒரு வழியாகவும் மனிதன் இன்னொரு வழியாகவும் போய் ஒரே சுவரில் சந்திக்கிறார்கள் எனலாம். இரண்டிலும் பெறுமதியின் பெரும்பகுதி புல்மோட்டைக்கு வெளியிலேயே தங்கிவிடுகிறது.

உலர்சுவர் வேலை இயந்திரத்தால் அழியுமா என்று கேட்குமுன் மனங்கொள்ளவேண்டிய வரலாற்று உண்மையொன்று உண்டு. இத்தொழிலே முந்தியதோர் இயந்திரமயமாக்கத்தின் குழந்தையாகும். அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் முன்னர் மரச் சலாகைகளின் மீது சாந்தைப் பலமுறை பூசி, உலரவிட்டு, மீண்டும் பூசி அமைக்கப்பட்டன. அது பல்லாண்டுப் பயிற்சி வேண்டிய கைத்திறன். 1894இல் அகஸ்ரின் சக்கெற் என்பவர் காகிதத்துக்கும் சாந்துக்கும் அடுக்கடுக்கான பலகை வடிவம் தந்து காப்புரிமை பெற்றார். 1909இல் யுனைற்றெட் ஸ்ரேற்ஸ் ஜிப்சம் கம்பனி அவரது நிறுவனத்தை வாங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது ஆளும் காலமும் அருகிய நிலையில் பலகை சாந்தை வென்றது. பூச்சுக்காரரின் கையிலிருந்த திறன் ஆலைக்குள் புகுந்துவிட, கட்டட இடத்தில் எஞ்சியது தூக்குதல், வெட்டுதல், திருகாணி முடுக்குதல், மூட்டுகளை மெழுகுதல் ஆகியவையே. ஹரி பிறேவமன் 1974இல் வெளியிட்ட நூலில் விளக்கிய திறன்பறிப்பு என்னும் நிகழ்வுக்கு இதனினும் துலக்கமான எடுத்துக்காட்டு அரிது. சாந்தகப்பையும் மட்டக்கோலும் கொண்டு சுவர் பூசும் நம் மேசன்மாரைக் கண்டவர்கள், பறிபோனது எத்தகைய அறிவு என்பதை உணர்வர்.

இனி, இன்றைய இயந்திரம் செய்வதென்ன? 2018இல் யப்பானின் தேசிய ஆய்வு நிறுவனமொன்று எச்.ஆர்.பி.-5பி என்னும் மனித வடிவ இயந்திரத்தைக் காட்சிப்படுத்தியது. அது ஜிப்சம் பலகையை எடுத்துச் சென்று, சுவர்ச் சட்டத்தோடு பொருத்தித் திருகாணியும் முடுக்கியது. மெதுவாகவே செய்தது, அதுவும் ஒழுங்கு செய்யப்பட்ட ஆய்வுகூடச் சூழலில். மறுபுறம், 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட கன்வஸ் என்னும் நிறுவனம், பலகையை மாட்டுவதை விட்டுவிட்டு, மூட்டுப் பூச்சைத் தெளித்து உரசி மட்டமாக்கும் பகுதியை மட்டும் இயந்திரத்திடம் ஒப்படைத்தது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. விரிந்த தட்டையான பரப்பில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது இயந்திரத்துக்கு இயல்பு. குழாய்களும் மின்கம்பிகளும் குறுக்கிடும் உட்கூரையில், சாரத்தில் நின்று அண்ணாந்தபடி, கோணல் மூலைக்குத் தக பலகையை அளந்து வெட்டிப் பொருத்துவது வேறு விடயம். சட்டம் நேராக இல்லை என்பதைத் தொழிலாளியின் தோள் முதலில் அறியும். ஆகவே தொழில் முழுவதும் ஒரே நாளில் அழியும் என்பது மிகைக்கூற்று. அது துண்டு துண்டாகவே அரிபடும்.

எனினும் தொழினுட்ப இயலுமை பற்றிய இவ்வாதம் வினாவின் பாதியையே தொடுகிறது. நிகழ்தகவுக் கணக்குகளின் அடிப்படைக் குறையும் இதுவேயென நாம் கருதுகிறோம். ஓர் இயந்திரம் செய்யக்கூடியது எதுவென அவை கேட்கின்றன. அதை வாங்குவது முதலாளிக்கு எப்போது இலாபமாகும் எனக் கேட்பதில்லை. மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளார்: இயந்திரத்தின் பெறுமதி, அது அகற்றும் உழைப்புச் சக்தியின் பெறுமதியிலும் குறைவாக இருந்தாலன்றி மூலதனம் அதனைப் பயன்படுத்தாது. அமெரிக்கர் கண்டுபிடித்த கல்லுடைக்கும் இயந்திரத்தை ஆங்கிலேயர் பயன்படுத்தாமைக்கு, அங்கு கல்லுடைப்பவரின் கூலி மிக அற்பமாயிருந்ததே காரணம் என்கிறார். கால்வாய்ப் படகுகளை இழுக்கக் குதிரைக்குப் பதிலாகப் பெண்கள் பூட்டப்பட்ட கொடுமையையும் அவ்விடத்தே சுட்டுகிறார். மனிதன் மலிவாக இருக்குமிடத்தில் இயந்திரம் காத்திருக்கும்.

இதனை இன்றைய வளைகுடாவுக்குப் பொருத்திப் பார்க்கலாம். கட்டார் நாட்டில் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 றியால். உணவும் உறையுளும் வழங்கப்படாதவிடத்து மேலும் 800 றியால். ஆயிரம் றியால் ஏறத்தாழ 275 அமெரிக்க டொலர். அமெரிக்க உலர்சுவர்த் தொழிலாளி இத்தொகையை இரண்டு நாளுக்குள் ஈட்டிவிடுவார். எனவே இயந்திரம் சான் பிரான்சிஸ்கோவில் முதலில் தோன்றியதிலும், டோகாவில் மனிதத் தோள்களே பலகை சுமப்பதிலும் வியப்பில்லை. அதாவது, புல்மோட்டை இளைஞனின் வேலையை இன்று காத்து நிற்பது அவனுடைய திறனன்று, அவனுடைய கூலியின் தாழ்வு. இதைவிடக் கசப்பான பாதுகாப்பு வேறில்லை. முகவருக்குக் கொடுத்த கடனை அடைக்கும் வரை அவன் அதனை ஏற்றேயாக வேண்டியும் இருக்கிறது.

இலக்கிய மாணவர் என்ற முறையில் இடைப்பிறவரலாக ஒன்று. பொருள்வயிற் பிரிவு நம் அகமரபின் மிகப் பழைய பொருள். கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் நாட்டார் கவிகளிலும் பிரிந்தவனை எண்ணும் பெண்குரல் ஓயாது ஒலிக்கிறது. ஆனால் பிரிந்து சென்றவன் அங்கே செய்யும் வேலை என்ன என்பதை நம் படைப்பிலக்கியம் இன்னும் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை. வயலும் கடலும் தேயிலையும் பெற்ற இடத்தை, தலைக்குமேல் பலகையேந்தி நிற்கும் உடல் பெறவில்லை.

மீண்டும் பொருளுக்கு வருவோம். மனித வடிவ இயந்திரத்தைக் காட்டிலும் கிட்டிய ஆபத்து வேறொன்று என்பது எமது துணிபு. சுவர்களையும் குளியலறைகளையும் ஆலையிலேயே முழுமையாகச் செய்து, கட்டட இடத்தில் தூக்கி நிறுத்தும் முறை பல நாடுகளில் பரவி வருகிறது. சாந்துப் பூச்சுக்குப் பலகை செய்ததையே பலகை வேலைக்கு இம்முறை செய்யவல்லது. கட்டட இடத்தின் ஒழுங்கின்மையே இயந்திரத்தைத் தடுக்கிறதெனில், வேலையை அவ்விடத்திலிருந்து பெயர்த்துவிட்டால் தடையும் நீங்கும். பலகை மாட்டுதலை மட்டும் சில கிழமைகளில் கற்பித்து இளைஞரை விமானமேற்றும் பயிற்சி இந்நிலையில் நெடுங்காலம் பயன்தராது. அளவெடுத்தல், வரைபடம் வாசித்தல், மின்வேலை ஆகியன அதனோடு சேரவேண்டும். இவை கட்டடத்துக்குக் கட்டடம் மாறும் அறிவாதலின் எளிதில் ஆலைக்குள் அடைபடா.

கூலி உயர்ந்தால் இயந்திரம் வந்துவிடும், ஆகவே கூலி உயர்வு கேட்கலாகாது என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டக்கூடும். அது தவறு. கன்வஸ் நிறுவனம் தன் இயந்திரத்தைக் களமிறக்கியபோது பெயின்ற் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்தே செயற்பட்டது. சங்க உறுப்பினரே அதனை இயக்கப் பயிற்றப்பட்டனர். அங்கு சங்கம் ஒன்று இருந்தமையால் இயந்திரத்தின் நிபந்தனைகளைப் பற்றிப் பேச இடமிருந்தது. சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் தொழிற்சங்கம் அமைக்க அனுமதியில்லை. கட்டாரில் அவ்வுரிமை குடிமக்களுக்கே உரியது. அந்நாடுகளுக்கு இயந்திரம் வரும் நாளில், அதைப் பற்றித் தொழிலாளரிடம் எவரும் கேட்கப்போவதில்லை. புல்மோட்டைக்குத் திரும்பும் விமானச்சீட்டு மட்டுமே கையில் கொடுக்கப்படும்.