மணலை மண்ணாக்கும் கோழி

ஒரு புறம் வங்கக் கடலும் மறுபுறம், இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியதான பழவேற்காட்டு ஏரியும் சூழ்ந்திருக்க, நடுவே நீண்டு கிடக்கும் மணல்மேட்டில் குடியிருக்கும் மீனவக் குடும்பத்துக்கு, கொல்லையில் நாலு கத்தரிச் செடி வைப்பதென்பது வண்டல் பூமியில் வாழ்பவர் நினைப்பதுபோல் சுலபமான காரியமன்று. ஊற்றிய ஜலம் நிற்பதில்லை. இட்ட சத்தும் அதனுடனேயே கீழிறங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மணலின் உப்பைக் கழுவிக் கொடுத்த பின்னரே விதை தைரியமாகக் கண் திறக்கிறது.

அந்த மணலுக்கு இல்லாத பசையை ஊட்ட வல்ல ஜீவன், வாசலில் குப்பையைக் கிளறித் திரியும் நாட்டுக்கோழிதான். அதன் எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. ஆயினும் பச்சையாக இட்டால் அந்தச் சத்தே அம்மோனியாவாக மாறி வேரைக் கருக்கிவிடும். ஆகையால், கூண்டுத் தரையில் சருகைப் பரப்பி, எச்சம் கலந்த அச்சருகைக் குழியில் குவித்து, ஈரம் காயாமல் சில மாதங்கள் மக்கவிட்டு, நெடி நீங்கி மண்வாசனை வந்த பிறகு பாத்தியில் சேர்ப்பதே விவேகம். அப்போதும் அளவு அவசியம். எருவிலும் உப்பு உண்டு.

கோழிக்கு வேண்டிய புரதத்தை ஏரியே அளிக்கிறது. இறால் தலையையும் பொடிமீனையும் வேகவைத்துத் தவிட்டோடு பிசைந்து சிறிதளவு வைக்கலாம்; நொறுக்கிய கிளிஞ்சல் முட்டை ஓட்டுக்கு வலிமை தரும். கருவாட்டுக் கழிவை மட்டும் ஒருபோதும் போடலாகாது. நமக்கு ருசியான அந்த உப்பு, கோழிக்கு நஞ்சு.

செடியையும் கோழியையும் ஒரே கொல்லையில் வளர்ப்பவர் முதலில் கற்க வேண்டியது காலம் பார்த்துப் பிரித்துவைக்கும் கலை. வெண்டை முளைத்த பாத்தியில் தாய்க்கோழி ஒன்று குஞ்சுகளோடு புகுந்தால், ஒரு வாரத்து உழைப்பு ஒரு நாழிகையில் பாழாகும். ஆதலின் இளஞ்செடிக்குப் பனைமட்டை வேலியும், 21 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளுக்குப் பஞ்சாரமும் தேவை. காய்ப்பு ஓய்ந்ததும் வேலியைத் திறந்துவிட்டால், புழுவையும் களை விதையையும் பொறுக்கியெடுத்து, அடுத்த விதைப்புக்குப் பாத்தியைக் கிளறி வைப்பது அதே கோழிதான்.

இத்தனை பாடுபட்டும், கோடையில் வரும் வெள்ளைக்கழிச்சல் ஒரே வாரத்தில் கூண்டைக் காலியாக்கிவிடக் கூடும். குமாயூன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் 1927-இல் காணப்பட்டு அவ்வூரின் பெயரையே பெற்ற இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை, தடுப்பு உண்டு. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஓர் ஊசி. கால்நடை மருந்தகத்துக்கு நடக்கும் அந்தச் சிறு சிரமத்தை யாரும் தள்ளிப்போடக் கூடாது.

புயற்காற்றில் படகுகள் கரையேறி நிற்கும் நாட்களில், வீட்டுப் பெண்ணின் கைக்கு எட்டும் சம்பத்து ஒரு பிடி முருங்கைக் கீரையும் இரண்டு முட்டைகளுமே. வலையில் விழுவது நாளுக்கு நாள் மாறும். கோழி நடந்த கொல்லையின் வெண்மணலோ, வருஷத்துக்கு வருஷம் கறுத்துக்கொண்டே வரும்.