குப்பையைப் பிரிக்க வைப்பது எது?

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவில் வந்த தள்ளுவண்டிக்காரர் யாருக்கும் விழிப்புணர்வு வகுப்பு எடுத்ததில்லை. ஆனாலும் அவர் வருவார் என்பதற்காகவே ஓட்டை வாளியும் பிடி உடைந்த வாணலியும் பரணில் காத்துக் கிடந்தன. பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கட்டி வைத்தார்கள். கிழிந்த துணிக்குப் பாத்திரம் கொடுக்க ஒருவர், பட்டுச் சேலைச் சரிகைக்கு இன்னொருவர். காய்கறித் தோலும் வடித்த கஞ்சியும் கழுநீர்த் தொட்டி வழியாக மாட்டுக்குப் போயின. அதே குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் இன்று டயப்பரும் மிச்ச சாம்பாரும் ஒரே கறுப்புப் பையில் கிடக்கின்றன. ஆனால் பழைய பேப்பரை மட்டும் இன்றைக்கும் யாரும் அந்தப் பையில் போடுவதில்லை. அதை எடைக்கு எடுத்துக்கொள்ள இன்னும் கடை இருக்கிறது.

குப்பை என்றதும் நம் ஊரில் பேச்சு சட்டென்று ஒழுக்கத்துக்குத் தாவிவிடும். ஜப்பானைப் பார், ஜெர்மனியைப் பார், நம் ஆட்களுக்குப் பொறுப்பே இல்லை என்று டீக்கடையில் தொடங்கித் தொலைக்காட்சி விவாதம் வரை இதே பல்லவிதான். அந்த ஊர்களின் கதையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. குப்பையை யார் வாங்கிக்கொள்கிறார்கள், எப்போது, என்ன காசுக்கு, வாங்கி எங்கே கொண்டுபோகிறார்கள் என்ற ஏற்பாடு முதலில் மாறியது. வீட்டுப் பழக்கம் அதற்குப் பின்னால் வந்தது.

பீத்தோவன் வாசிக்கும் வண்டி

தைவானை ஒரு காலத்தில் ‘குப்பைத் தீவு’ என்று கேலி செய்தார்கள். நிலம் குறைவு, மக்கள் நெருக்கம் அதிகம். 1990களில் குப்பைக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் வண்டிகளை மறித்தார்கள். தெருமுனைகளில் பைகள் குவிந்தன, நாய்கள் கிளறின. நமக்குப் பழக்கமான காட்சிதான்.

1990களின் பிற்பாதியில் தைபே நகரம் ஒரு விதி கொண்டுவந்தது: குப்பை தரையைத் தொடக் கூடாது. தெருவில் பையை வைத்துவிட்டுப் போவது தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாக, குறித்த நேரத்தில், பெரும்பாலும் மாலையிலும் இரவிலும், மஞ்சள் வண்டி சந்துக்கே வரும். பீத்தோவனின் ‘ஃபியூர் எலீஸ்’ இசையோ, ‘கன்னியின் பிரார்த்தனை’ என்ற பியானோ மெட்டோ ஒலிபெருக்கியில் கேட்டதும் ஆட்கள் பையோடு இறங்கி வந்து நிற்பார்கள். தன் கையாலேயே வண்டிக்குள் போட வேண்டும். பின்னாலேயே மறுசுழற்சிப் பொருள்களுக்கான வண்டி வரும். திங்களும் வெள்ளியும் காகிதம், துணி, பிளாஸ்டிக் பை போன்ற தட்டையான சரக்கு. செவ்வாய், வியாழன், சனி என்றால் பாட்டில், டப்பா, குவளை. புதனும் ஞாயிறும் வண்டி கிடையாது.

உண்மையான திருப்பம் 2000 ஜூலையில் வந்தது. அதுவரை குப்பைக் கட்டணம் தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்ந்தே வந்தது. ஒரு பை போட்டாலும் பத்துப் பை போட்டாலும் குப்பைக்கென்று கூடுதலாக எதுவும் இல்லை. இனி மறுசுழற்சிக்கு ஆகாத மீதக் குப்பையை நகராட்சியின் நீலப் பையில் மட்டுமே போடலாம் என்றார்கள். பையைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும், பெரிய பைக்கு அதிக விலை. மறுசுழற்சிப் பொருளை மட்டும் இலவசமாகக் கொடுக்கலாம், பின்னர் உணவுக் கழிவையும். வேறு பையில் போட்டால் அபராதம். வீட்டுக் குப்பையைத் தெருவில் நடந்து போகிறவர்களுக்கான தொட்டியில் நைசாகத் திணித்தாலும் அபராதம்.

கணக்கு எளிது. டப்பாவைக் கழுவித் தனியே வைத்தால் பையில் இடம் மிச்சம், பணமும் மிச்சம். சில ஆண்டுகளுக்குள் தைபேயின் மீதக் குப்பை பாதிக்கும் கீழே போனது. உணவுக் கழிவிலும் இரண்டு வாளி: சமைத்த மிச்சம் பன்றித் தீவனத்துக்கு, தோலும் இலையும் உரத்துக்கு. தீவனம், உரம் இரண்டுக்கும் வாங்க ஆள் இருந்ததால்தான் இரண்டு வாளி.

இதன் மறுபாதி வீட்டுக்காரர் கண்ணில் படாதது. 1997இலிருந்து, பாட்டிலும் டப்பாவும் பேட்டரியும் தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற நிறுவனங்கள் ஒரு மறுசுழற்சி நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். சேகரிப்பவர்களுக்கும் உருக்கி மாற்றுகிற ஆலைகளுக்கும் அந்த நிதியிலிருந்து மானியம் போகிறது. அதனால் லாபம் குறைவான பொருளையும் எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்கிறது. பீத்தோவனைப் பற்றி எழுதுகிற அளவுக்கு இந்த நிதியைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதுவதில்லை. ஏற்பாட்டைத் தாங்கி நிற்பது இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கு வண்டி நேரம் ஒத்துவராது. பெரிய அடுக்ககங்களில் பொதுக் குப்பை அறை உண்டு, பழைய கட்டடங்களில் இல்லை. வண்டிக்காக ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்களும் வீட்டு வேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண்களும்தான்.

நாற்பத்தைந்து வகை

ஜப்பானில் ஷிகோகு தீவின் மலையில் காமிகாட்சு என்றொரு சிற்றூர். மக்கள்தொகை ஆயிரத்து ஐந்நூறுக்கும் கீழே. குப்பையை நாற்பத்தைந்து வகையாகப் பிரிக்கிறார்கள் என்று உலகப் புகழ் பெற்றது. ஜப்பானியரின் பிறவிக் குணம் என்று எடுத்துக்காட்டப்படுகிற ஊர் இது. ஆனால் 1990களின் கடைசி வரை இங்கே குப்பையைத் திறந்தவெளியில் கொளுத்தினார்கள். பிறகு சிறிய எரியுலைகள் வைத்தார்கள். டையாக்சின் நச்சுக்கான விதிகள் கடுமையானதும் அவற்றையும் மூட வேண்டியதாயிற்று. புதிய உலை வாங்கவோ குப்பையை வெளியூருக்கு அனுப்பவோ அந்தச் சின்ன ஊரிடம் பணமில்லை. எரிக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது என்றான பிறகுதான் பிரித்தார்கள். 2003இல் ‘குப்பையில்லா ஊர்’ என்று அறிவித்துக்கொண்டார்கள்.

அங்கே குப்பை வண்டியே கிடையாது. மக்களே நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். வண்டி ஓட்ட முடியாத முதியவர்களுக்குத் தனி உதவி உண்டு. உணவுக் கழிவு நிலையத்துக்கு வரவே வராது, வீட்டிலேயே உரமாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு தொட்டியின் மேலும் உள்ள பலகை. இந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, இதனால் ஊருக்கு வரவா செலவா, கிலோவுக்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். ‘குப்பையைப் பிரிப்பீர், சுற்றுச்சூழலைக் காப்பீர்’ என்ற நம் ஊர் சுவரெழுத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் மறுசுழற்சி எண்பது சதவீதம்தான். 2020க்குள் நூறு என்ற இலக்கு நிறைவேறவில்லை. டயப்பர், சானிட்டரி நாப்கின், பல பொருள்களை ஒட்டிச் செய்த செருப்பு போன்றவற்றை எத்தனை பொறுமையாகப் பிரித்தாலும் வாங்க ஆளில்லை. ஜப்பான் முழுமைக்கும் அந்த விகிதம் இருபது சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. பெரும்பகுதியை எரிக்கிறார்கள். கண்ணாடிபோல் தெரிகிற பையில் அழகாகக் கட்டி வைத்த குப்பை, பெரும்பாலும் நேராக உலைக்குத்தான் போகிறது.

பன்றிகள் போன பிறகு

ஏற்பாட்டைக் கலைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க கெய்ரோவுக்குப் போக வேண்டும்.

மேல் எகிப்தின் கிராமங்களிலிருந்து 1940களில் தொடங்கிப் பிழைக்க வந்தவர்கள் ஸபாலீன் என்று அழைக்கப்படும் குப்பைக்காரர்கள். பெரும்பாலும் காப்டிக் கிறிஸ்தவர்கள். மொகத்தம் குன்றின் அடிவாரத்தில் அவர்களின் பெரிய குடியிருப்பு இருக்கிறது. ஆண்கள் மாடி மாடியாக ஏறி வீட்டு வாசலில் குப்பையை வாங்கி வருவார்கள். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கையால் பிரிப்பார்கள். பிளாஸ்டிக், உலோகம், காகிதம், துணி என்று ஒவ்வொன்றுக்கும் அங்கேயே பட்டறை. உணவுக் கழிவு பன்றிகளுக்கு. சேகரித்ததில் எண்பது சதவீதம் வரை மறுபயனுக்குப் போனது. கெய்ரோவின் வீட்டுக்காரர் எதையும் பிரிக்கவில்லை, பிரிக்கத் தேவையும் இல்லை. அவர் கலந்து கொடுத்ததை ஓர் ஏழைக் குடும்பம் தன் கையாலும் தன் உடல்நலத்தாலும் பிரித்தது.

2003இல் அரசு ஸ்பானிய, இத்தாலிய நிறுவனங்களுக்கு நகரத்தைக் குத்தகைக்கு விட்டது. தெருவில் தொட்டிகள் வைத்தார்கள். மின்கட்டணத்தோடு குப்பைக் கட்டணமும் வந்தது. வாசலில் கொடுத்துப் பழகியவர்கள் மாடி இறங்கிப் போய்ப் போட விரும்பவில்லை. ஆகவே நிறுவனத்துக்கு ஒரு கட்டணம், பழைய ஆளுக்கு ஒரு காசு என்று பலர் இரட்டிப்பாகக் கொடுத்தார்கள். நிறுவனங்கள் மறுசுழற்சி செய்ய வேண்டிய அளவு ஒப்பந்தப்படி வெறும் இருபது சதவீதம்.

2009இல் பன்றிக் காய்ச்சல் பீதி வந்தது. பன்றிகளைக் கொல்வதால் அந்த நோயைத் தடுக்க முடியாது என்று சர்வதேச அமைப்புகள் சொல்லியும் எகிப்து அரசு ஏறத்தாழ 3 லட்சம் பன்றிகளைக் கொன்றது. தின்ன ஆளில்லாத உணவுக் கழிவைச் சுமந்து வர ஸபாலீன்களுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. சில மாதங்களில் கெய்ரோவின் தெருக்கள் நாறின. குடியிருப்பவர்களின் பழக்கம் எள்ளளவும் மாறவில்லை, நகரம் மட்டும் மாறிவிட்டது.

புணேயில் இதற்கு நேரெதிரான ஒரு முயற்சி நடந்தது. குப்பை பொறுக்கும் பெண்கள் 1993இல் சங்கம் அமைத்தார்கள். அதிலிருந்து பிறந்த ‘ஸ்வச்’ கூட்டுறவு 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வீடு வீடாகச் சேகரிக்கத் தொடங்கியது. வீட்டுக்காரர் தரும் கட்டணமும் உலர்ந்த குப்பையை விற்கும் காசும் அவர்களுக்கே. சானிட்டரி நாப்கினைத் தாளில் சுற்றி அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். பையைப் பிரிக்கும் கைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் அல்லவா? நம் நாட்டில் அந்தக் கை பெரும்பாலும் தலித் பெண்ணின் கை. இதைப் பேசாமல் இந்தியக் குப்பையைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

ஜெர்மனியில் 2003 முதல், ஒருமுறை பயன்படுத்தும் பான பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் முன்பணம். கடையிலுள்ள இயந்திரத்தில் பாட்டிலைப் போட்டால் பணம் திரும்ப வரும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பாட்டில் திரும்பி வருகிறது. சோம்பேறிகள் தெருத்தொட்டியின் ஓரமாக வைத்துவிட்டுப் போவார்கள், ஏழைகள் எடுத்துக் காசாக்குவார்கள்.

இதற்கு ஜெர்மானிய ரத்தம் தேவையில்லை என்பதற்கு நீலகிரியே சாட்சி. உடைந்த மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பின் 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை தொடங்கியது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு கோவை உள்ளிட்ட வேறு மாவட்டங்களுக்கும் போனது. குடிகாரர்களுக்கு யாரும் சுற்றுச்சூழல் பாடம் நடத்தவில்லை. கடை ஊழியர்களுக்கு இடமும் ஆளும் இல்லாமல் கூடுதல் சுமை ஏறியது என்பதும் உண்மை, அவர்களின் புகாரில் நியாயம் உண்டு.

பக்கத்து மாநிலம்

திருவனந்தபுரத்தின் குப்பையெல்லாம் போன விளப்பில்சாலை ஆலையை ஊர்மக்கள் 2011 டிசம்பரில் மூட வைத்தார்கள். கொட்ட இடமில்லாத நகரம் அதன்பிறகே குழாய் உரம், வீட்டு உரத்தொட்டி, உயிரி எரிவாயு என்று இறங்கியது. இப்போது கேரளம் முழுக்க குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களின் ஹரித கர்ம சேனை மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை எடுத்துப்போகிறது. ஊராட்சிகளில் மாதம் ஐம்பது ரூபாய். முதலில் பலர் முணுமுணுத்தார்கள். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு பற்றி எரிந்து, பத்து நாளைத் தாண்டி நகரம் புகையில் மூச்சு முட்டிய பிறகு முணுமுணுப்பு குறைந்தது, விதியும் இறுகியது.

இதே கேரளத்திலிருந்துதான் 2024 டிசம்பரில் மருத்துவக் கழிவு லாரியில் வந்து திருநெல்வேலி மாவட்டத்தின் கிராமங்களில் கொட்டப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரள அரசே லாரிகளை அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. வீட்டுப் பிளாஸ்டிக்குக்கு ஏற்பாடு இருந்தது, இந்தச் சரக்கை எல்லை தாண்டிக் கொட்டுவதைத் தடுக்க இல்லை.

நம் பக்கம் என்ன? வீட்டிலேயே ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டின் விதிகளே சொல்லிவிட்டன. நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை சேரும் சென்னையில் பேட்டரி வண்டி வாசலுக்கு வருகிறது. தூய்மைப் பணியாளர் தனித்தனித் தொட்டியோடு வருகிறார். ஆனால் பெருங்குடி, கொடுங்கையூர் கிடங்குகளுக்குப் பல்லாண்டுகளாகக் கலந்த குப்பைதான் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலுள்ள பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்தது. பழைய குப்பை மலைகளைக் கோடிக்கணக்கில் செலவு செய்து தோண்டிச் சலித்து எடுக்க வேண்டியதாயிற்று. காலையில் பிரித்துக் கொடுத்த இரண்டு வாளியும் தெருமுனையில் ஒரே லாரிக்குள் விழுவதைக் கண்ணால் பார்த்த வீட்டுக்காரர், மறுநாள் பிரிப்பதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வார்டு கவுன்சிலரோ ஊராட்சித் தலைவரோ கண்ணில் பட்டால் மூன்றே கேள்வி கேளுங்கள். எங்கள் தெருவின் ஈரக் குப்பை எந்த இடத்தில் உரமாகிறது? பிளாஸ்டிக்கை யார் வாங்குகிறார்கள்? எங்கள் நாப்கினையும் டயப்பரையும் யார் கை தொடுகிறது? விலாசத்தோடு பதில் வரும்வரை விடாதீர்கள்.