கடித்தால் காசு யார் கட்டுவது?

சித்தூரானாலும் திருப்பதியானாலும், 'குக்க உந்தி, ஜாக்ரத்த' என்ற பலகை கண்ணில் படாமல் ஒரு காலனியைக் கடப்பது கஷ்டம். பலகை மாட்டியதோடு பொறுப்பு தீர்ந்தது என்பது வீட்டுக்காரர்களின் நினைப்பு. சட்டம் அப்படி நினைக்கவில்லை.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி, வளர்க்கும் விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, ரூ. 5,000 வரை அபராதம் அல்லது இரண்டும். பழைய தண்டனைச் சட்டத்தின் 289-வது பிரிவில் அபராதம் ரூ. 1,000தான். அபராதத்திலிருந்து கடிபட்டவருக்குத் தரச்சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் தையல், பிளாஸ்டிக் சர்ஜரி என்று போனால் 5,000 ரூபாய் எந்த மூலைக்கு?

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறின. உரிமையாளர் கைதானார். கைது வேறு, இழப்பீடு வேறு. இழப்பீட்டுக்குத் தனியாக சிவில் வழக்குப் போட வேண்டும். உரிமையாளர் அஜாக்கிரதையாக இருந்தார், அல்லது அது கடிக்கிற நாய் என்பது அவருக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். தபால்காரரை ஏற்கெனவே ஒருமுறை பதம் பார்த்த நாயென்றால் உரிமையாளர் பாடு திண்டாட்டம்தான்.

விசித்திரம் என்னவென்றால், தெருநாய்க் கடிக்கு ஒரு 'ரேட்' உண்டு. ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது ரூ. 10,000 என்று 2023இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் நிர்ணயித்தது. கொடுக்க வேண்டியது அரசு. வீட்டு நாய்க்கு அப்படி எதுவும் கிடையாது.

அமெரிக்காவில் இந்தச் சுமையை வீட்டு இன்ஷூரன்ஸே ஏற்கிறது. 2023இல் மட்டும் நாய்க்கடி தொடர்பாக அங்கே கம்பெனிகள் கொடுத்தது 100 கோடி டாலருக்கும் மேல். பெர்லினில் நாய் வளர்ப்போருக்கு இத்தகைய பாலிசி கட்டாயம்.

இங்கே? 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி தீ, வெள்ளம், பூகம்பத்துக்குப் பணம் தரும். பக்கத்து வீட்டுப் பையனின் கெண்டைக்காலுக்குத் தராது. சில கம்பெனிகளின் நாய் பாலிசியில், கூடுதல் பிரீமியம் கட்டினால் மூன்றாம் நபர் இழப்பீடும் சேரும். கறவை மாட்டுக்குக் காதில் வில்லை மாட்டி இன்ஷூர் செய்து பழகிய சித்தூர்க்காரர்களுக்கு பாலிசி புதிதல்ல. ஆனால் மாடு செத்தால் நஷ்டம் நமக்கு. நாய் கடித்தால் நஷ்டம் அடுத்தவருக்கு. பாலிசி எடுக்கத் தோன்றாததன் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

எடுப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் விலக்குகள் பகுதியைப் படிக்க வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று காலாவதியாகியிருந்தால் கம்பெனி கைவிரிக்கக்கூடும்.