கள்ளும் கசிப்பும்: விசுவமடுவை முன்வைத்து ஒரு நோக்கு

பனையைக் கற்பகதரு என்று போற்றுதல் ஈழத்துத் தமிழரின் நெடுங்கால மரபு. பாளையைச் சீவ ஊறும் நீர் சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்கின் கருப்பநீர்; சுண்ணாம்பு இன்றேல் சில மணி நேரத்திற் கள். மதுவம் எனப்படும் நுண்ணுயிர் அந்நீரிலுள்ள வெல்லத்தை உண்டு மதுசாரமாக்குகின்றது. சுண்ணாம்போ அந்நுண்ணுயிரை வளரவிடாது தடுக்கின்றது. முட்டியின் உட்புறத்து வெண்பூச்சொன்றே, குழந்தைக்கும் கொடுக்கத்தக்க ஒரு பானத்தையும், வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கிக் கடிந்த பானத்தையும் பிரித்துவைக்கின்றது.

“கள் உடம்புக்குக் குளிர்ச்சி, கசிப்புத்தான் நஞ்சு” என்பது வன்னி நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கூற்று. கற்றோரும் இதனைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இக்கூற்றில் உண்மை எவ்வளவு என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். மரமேறிப் பிழைக்கும் தொழிலாளியைப் பழித்தல் எமது கருத்தன்று; உயிரைப் பணயம் வைத்து உழைப்பவன் அவன்.

விசுவமடு, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் பெருவீதியில் அமைந்தது. காடு வெட்டிக் களனியாக்கிய குடியேற்றங்களுள் ஒன்று. படித்த வாலிபர்க்குக் காணி வழங்கிய திட்டத்தின்கீழ் இங்கு வந்தவர்கள் 1970களின் முற்பகுதியில் மிளகாயும் வெங்காயமும் விளைவித்துப் பெரும் பயன் கண்டனர். 1977க்குப் பின் இறக்குமதி தாராளமாகவே விலை வீழ்ந்தது. பின்னர் போர். 2009 சனவரியில் ஊரே பெயர்ந்து கிழக்கு நோக்கி ஓடிற்று. முகாம்களிலிருந்து மீண்டவர்கள் கூரையற்ற வீட்டிலும் கிணறு தூர்ந்த காணியிலும் வாழ்வை மறுபடி தொடங்கினர். இன்று விசுவமடு, தருமபுரம் முதலிய இடங்களிற் கசிப்பும் கோடாவும் கைப்பற்றப்பட்டன என்ற செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி இடம்பெறுகின்றது. இவ்வூர் மக்களுக்கு மது ஏன் இவ்வளவு அண்மையிலுள்ளது என்பதற்குப் பின்னர் வருவோம்.

முதலிற் கணக்கு. கள், சாராயம், கசிப்பு, பியர் யாவற்றிலும் மயக்கந் தருவது எதனோல் என்னும் ஒரே பொருள். கள்ளில் நூற்றுக்கு 5 பங்கு மதுசாரம் உண்டெனக் கொள்வோம். 750 மில்லிலீற்றர் போத்தலொன்றில் ஏறத்தாழ 30 கிராம் எதனோல் இருக்கும். சாராயத்தில் நூற்றுக்கு 35 பங்கு எனின், 180 மில்லிலீற்றர் கொண்ட கால் போத்தலில் ஏறத்தாழ 50 கிராம். ஆகவே தவறணையில் இரண்டு போத்தல் கள் அருந்தியவன், கால் போத்தல் சாராயம் அருந்தியவனிலும் கூடுதலாகவே மதுசாரத்தை உட்கொண்டான். ஈரலுக்குப் போத்தலின் பெயர் தெரியாது, கிராம்தான் தெரியும்.

சராசரி உடம்புடைய ஒருவனின் ஈரல், மணிக்கு 7 அல்லது 8 கிராம் எதனோலையே சிதைக்கவல்லது. தேசிக்காய்ச் சாறோ, மோரோ, குளிர்ந்த நீரில் முழுகுதலோ இவ்வேகத்தைக் கூட்டா. மாலை 7 மணிக்குத் தொடங்கி நான்கு போத்தல் கள் அருந்தினால் 120 கிராம். அது முற்றாக நீங்க மறுநாள் முற்பகல் 11 மணியாகும். விடியற்காலையில் லாண்ட்மாஸ்டரை வீதியிலேற்றுபவன் தான் தெளிந்துவிட்டதாகவே எண்ணுகின்றான். குருதி அவ்வாறு சொல்லாது.

ஈரலில் நடப்பது யாது? நொதியமொன்று எதனோலை அசற்றல்டிகைட்டு ஆக்குகின்றது. இரண்டாவது நொதியம் அதனைத் தீங்கு குறைந்த அசற்றேற்றாக மாற்றுகின்றது. இடைப்பொருளாகிய அசற்றல்டிகைட்டே பெருங்கேடு செய்வது. கலங்களின் பரம்பரைப் பொருளையே சிதைக்கும் ஆற்றல் அதற்குண்டு. நாள்தோறும் குடிப்பவனின் ஈரலில் முதலிற் கொழுப்புப் படிகின்றது. இந்நிலையிற் குடியை விட்டால் சில கிழமைகளில் ஈரல் தேறிவிடும். விடாதபோது அழற்சியும், அதன்பின் தழும்பும் தோன்றி, ஈரல் சுருங்கி முடிச்சு முடிச்சாக இறுகும். அது பெரும்பாலும் மீளா நிலை. நம் முன்னோர் மகோதரம் என்று அஞ்சிய பெருவயிற்று நோய்க்கு இஃதொரு முதன்மைக் காரணம். உணவுக்குழாயின் அடியிற் புடைத்த நாளங்கள் வெடித்து, குருதியை வாந்தியெடுத்து மாள்வாரும் உளர். இவையெல்லாம் முற்றும்வரை ஈரல் நோவதில்லை என்பதே இதிலுள்ள கொடுமை.

மதுபானம் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இலேயே வகைப்படுத்திற்று. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பு ஆகியன இதனாற் பாதிக்கப்படும். புகையிலையும் மதுவும் ஒருங்கு சேரின் வாய்ப் புற்றுநோயின் ஆபத்து பன்மடங்காகும். வெற்றிலையோடு புகையிலையும் மெல்லும் நம் கமக்காரர் இதனைக் கருதுதல் வேண்டும். 2019இல் உலகெங்கும் மதுவினால் நேர்ந்த மரணங்கள் 26 இலட்சம் என்றும், அவற்றுள் 20 இலட்சம் ஆண்களுடையன என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

இனிக் கசிப்பு. சீனியும் மதுவமும் நீரும் கலந்து புளிக்கவைத்த கோடாவைக் காய்ச்சி வடிப்பது அது. கண்ணைக் குருடாக்கும் மெதனோல் இதில் இயல்பாகவே மிகுதி என்று பலர் நினைப்பர். உண்மையிற் சீனிக் கோடாவில் மெதனோல் மிகச் சிறிதளவே உண்டாகும். கூட்டங்கூட்டமாக மக்களைக் கொல்வது பெரும்பாலும், கைத்தொழிற்சாலைக்குரிய மெதனோலைப் பேராசைக்காரர் கலப்பதே. 2024 யூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இவ்வாறே மாண்டனர். உடலில் மெதனோல் போமிக்கமிலமாகி முதலிற் பார்வை நரம்பைத் தாக்கும். கசிப்பருந்தியவன் கண் மங்குகிறதென்று சொன்னால், உறங்கவிடாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்; காலத்தோடு கொடுக்கத்தக்க மாற்று மருந்துகள் உள. எனினும் கலப்பில்லாத கசிப்பு தீங்கற்றதன்று. அதன் செறிவை அளந்தவர் எவருமிலர். குடிப்பவன் எத்தனை கிராம் உட்கொண்டான் என்பதை அவனும் அறியான், வடித்தவனும் அறியான்.

நாம் முன்னர் ஒத்திவைத்த வினா இப்போது எழுகின்றது. வன்னியில் இடம்பெயர்ந்தோரின் கூட்டு உளவடு பற்றி உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் ஆய்வொன்றை வெளியிட்டார். பிள்ளையைப் பதுங்குகுழியிற் புதைத்துவிட்டு வந்த தந்தையொருவன் இரவில் உறக்கம் வேண்டியே குடிக்கின்றான் எனின், அவனை ஒழுக்கங்கெட்டவன் என்று ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. ஆனால் அவன் நாடும் மருந்து அவனை ஏமாற்றுகின்றது. மதுசாரம் உறக்கத்தை விரைவில் வருவிக்கும். இரவின் முற்பகுதியிற் கனவு நிகழும் துயிலை அமுக்கும். பிற்பகுதியில் மது வடிய, அமுக்கப்பட்ட கனவு மீண்டும் பெருகித் துயில் கலையும். பின்னிரவிற் பழைய காட்சிகளோடு விழித்தெழுபவன், மறுநாள் இன்னுஞ் சற்றுக் கூட்டிக் குடிக்கின்றான். நாளடைவில் மூளையும் அவ்வளவிற்குப் பழகிக்கொள்ளும். இவ்வூரின் குடியை ஆராய்வோர் உறக்கத்தைப் பற்றி முதலிற் கேட்டறிதல் நன்று.

குடியை விடுதலிலும் எச்சரிக்கை வேண்டும். கோவிலில் நேர்த்தி வைத்து ஒரே நாளில் நிறுத்துவோர் உளர், அவ்வுறுதி போற்றத்தக்கது. ஆயின் பல்லாண்டு நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால், முதல் நாளிற் கைநடுக்கமும் வியர்வையும், அடுத்து வலிப்பும், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள்வரை சித்தப்பிரமையும் தோன்றக்கூடும். இல்லாத பூச்சிகளைத் தட்டுவான், இறந்தோரோடு பேசுவான். பேய் பிடித்ததென எண்ணி இந்நிலையில் அவனைக் கட்டிவைத்துப் பார்வை பார்ப்பது உயிருக்கே இறுதியாகலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் ஒன்றிற்கு அவனைக் கொண்டுசென்றால், நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்தும், குடிகாரரிடம் பெரிதும் குறைந்துபோகும் தயமின் என்னும் விற்றமினும் கொடுத்துக் காப்பர். நேர்த்தி வைப்பவன், நிறுத்தும் நாளுக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு தான் குடிக்கும் அளவை ஒளியாது கூறின், அந்த நான்கு நாட்களையும் இடரின்றிக் கடத்தல் கூடும்.