எளியோர் வீட்டு விருந்தாளி



கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் செல்லும் பெருவீதியில் மதுரங்குளியைக் கடந்து சென்றிருப்பீர்கள். தென்னந்தோப்பும், உவர் நிலமும், களப்பின் காற்றும் சூழ்ந்த ஊர் அது. அங்கிருந்து சற்று வடக்கே பாலாவியில் திரும்பினால் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்திற்குச் செல்லும் பாதை. ஆண்டுதோறும் நம் குடும்பங்கள் சட்டி பானையோடும் பாயோடும் திருவிழாவிற்குப் புறப்படும் வழியும் அதுவே. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இக்கரையோரத்தில் வெறுங்காலோடு நடந்து திரிந்த ஒரு மறைப்பணியாளரை இன்று உங்களோடு நினைவுகூர விரும்புகிறோம்.

அவரே புனித யோசேவ் வாஸ் அடிகளார். 1651ஆம் ஆண்டு கோவாவில் பிறந்தவர், 1676இல் குருவானவர். 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தபின், இலங்கைக் கத்தோலிக்கர் குருக்களின்றித் தவித்தனர். குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்குக் கடுந்தண்டனை காத்திருந்தது. இதைக் கேள்வியுற்ற அடிகளார், யோவான் என்னும் ஊழியரோடு தூத்துக்குடியிலிருந்து தோணியேறி 1687இல் இலங்கை வந்து சேர்ந்தார். அணிந்திருந்தது கூலியாளின் கந்தை. நோயுற்றுப் பிச்சையெடுத்து வாழ்ந்த அவர், கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். அதைக் கண்டு முகம் மலர்ந்தவர் யார் என்று பார்த்தே விசுவாசிகளை இனங்கண்டார் என்பது அவரது வரலாறு கூறும் செய்தி.

யாழ்ப்பாணத்தில் சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். தேடுதல் கடுமையானபோது 1690இல் அவர் புத்தளம் வந்தார். அக்காலத்தில் கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை இருந்தது. புத்தளமோ கண்டி அரசனுக்குரிய பகுதி. களப்பில் விளைந்த உப்பு பொதிமாடுகளின் முதுகில் உள்நாட்டுக்குச் சென்றது. வணிகர் சென்ற அந்த வழியே அடிகளாருக்கும் வழியாயிற்று. 1692இல் கண்டியை அடைந்த அவர், போர்த்துக்கேயரின் ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நன்மதிப்பைப் பெற்று, நாடெங்கும் பணியாற்றும் உரிமையைப் பெற்றார்.

அவருடைய அன்றாட வாழ்வைச் சற்று எண்ணிப்பாருங்கள். திருப்பலிக்கு வேண்டிய பொருட்கள் ஒரு மூட்டையில். ஒல்லாந்தர் ஆட்சிப் பகுதியில் இரவில் ஏதேனும் ஒரு வீட்டில் மக்கள் ஓசையின்றிக் கூடுவர். ஒப்புரவு, திருமுழுக்கு, திருப்பலி எல்லாம் விடிவதற்குள் நிறைவேறும். பொழுது புலரும்முன் அவர் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். மக்கள் கொடுத்ததே அவருக்கு உணவு. அவர்கள் விரித்த பாயே படுக்கை. தமிழையும் சிங்களத்தையும் கற்று, அவரவர் மொழியிலேயே செபங்களைக் கற்பித்தார். குரு வர இயலாத நாட்களில் மந்திரம் சொல்லிக்கொடுக்கவும், நோயாளரைச் சந்திக்கவும், செபம் நடத்தவும் அண்ணாவியார், மூப்பர் ஆகியோரின் பொறுப்பில் ஊர்கள் விடப்பட்டன. நம் கரையோரப் பங்குகளில் இப்பெயர்கள் நிலைத்திருப்பது அந்தப் பணியின் அடையாளமே.

1705இல் இலங்கை வந்த அருட்தந்தை யாக்கோமே கொன்சால்வேஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். தவக்காலத்தில் நம் மூத்தோர் இராகத்தோடு வாசித்த வியாகுலப் பிரசங்கம் அவர் தந்த கொடை. 1742இல் அவர் இறந்ததும் நம் புத்தளம் மாவட்டத்துப் போலவத்தையிலேயே.

மறைப்பணியாளர் எங்கு சென்றாலும் முதலில் விருந்தாளியாகவே செல்கிறார். 1842இல் பசிபிக் பெருங்கடலின் தொங்காத் தீவுகளுக்கு மரிஸ்ட் சபைக் குருக்கள் சென்றனர். கவா வேரைப் பொடித்து நீரில் கரைத்த பானத்தை, பாயில் வட்டமாக அமர்ந்து முறைப்படி பகிர்ந்தருந்துவது அத்தீவு மக்களின் வழக்கம். அவர்களிடையே பணியாற்றச் செல்பவர் அந்தப் பாயில் அமரப் பழக வேண்டும். தம் சீடரை அனுப்பிய ஆண்டவரும், வரவேற்கும் வீட்டில் தங்கி, முன்னே வைப்பதை உண்ணும்படியே பணித்தார் என்பதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. அடிகளாரின் பெயரைப் போற்றுகிறோம். அவருக்குக் கதவு திறந்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் நமக்குத் தெரியாது. பிடிபட்டால் சொத்தும் உயிரும் போகலாம் என அறிந்தும், கந்தையணிந்த அந்நியருக்குச் சோறிட்ட தாய்மார் அவர்கள். வந்தவர் குருவானவர் என்று அறியும்முன்னரே பசித்தவருக்கு உணவளித்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். அந்த அடுப்படிகளில்தான் நம் விசுவாசம் அணையாமல் காக்கப்பட்டது.

இன்று நமக்கு ஆலயமணி ஒலிக்கிறது. ஒளிந்து செபிக்கவேண்டிய நிலை இல்லை. ஆயினும் மாலைச் செபமாலை எத்தனை வீடுகளில் ஒலிக்கிறது? இக்கரையோரத்துப் பல குடும்பங்களில் பாட்டி தமிழில் செபிக்க, பேரப்பிள்ளை சிங்களத்தில் மட்டும் பேசும் நிலையும் உண்டு. இருவரையும் ஒரே பாயில் அமர்த்துவது பெற்றோரின் கடமையன்றோ? பாட்டி ஒரு மந்திரத்தைத் தமிழில் சொல்ல, பிள்ளை அடுத்ததைச் சிங்களத்தில் சொல்லட்டும். இருமொழியும் கற்ற அடிகளார் அதைக் கேட்டு மகிழ்வார்.

நம் வாசலுக்கு வருவோரையும் எண்ணுவோம். கண்டியில் பெரியம்மை பரவி, சொந்தங்களே நோயாளரைக் கைவிட்டபோது, மதம் பாராது அவர்களைப் பேணியவர் அடிகளார். முஸ்லிம்களும் பௌத்தரும் இந்துக்களும் நம்மோடு வாழும் மண் இது. அயல்வீட்டில் நோயென்றால் முதலில் செல்வது யார்?

1711ஆம் ஆண்டு ஜனவரி 16இல் அடிகளார் கண்டியில் உயிர்நீத்தார். 1995இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டமளித்தார்; 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அடுத்த முறை தலவிலவுக்குச் செல்கையில், மதுரங்குளியைத் தாண்டும் வேளையில் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். திருத்தலத்தில் சமைக்கும் சோற்றில் ஒரு பிடி, அழைப்பின்றி வரும் ஒருவருக்காக எடுத்து வையுங்கள்.